பிடித்தம்

லிஃப்ட் குழிக்குள் சிக்னல் கிடைக்காது.
அதற்காகவே ஏழு மாதமாக
எந்த அடுக்ககத்தில் வேலை என்றாலும்
"குழிக்கு நான் இறங்குறேன்" என்றேன்.
கிரீஸ் வாடை, எலிப் புழுக்கை,
பதினோராம் மாடியிலிருந்து எப்போதோ விழுந்த
ஒற்றைக் கொலுசு.
அங்கே யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

முதல் ஐயாயிரம் பசிக்கு வாங்கியதில்லை.
பூந்தமல்லியில் மச்சான் வீடு கட்டிக் குடிபோனான்.
எனக்கு முன்னால் நின்றவர் ஐயாயிரத்து ஒன்று எழுதினார்.
மொய் நோட்டுக்காரர் பேனாவோடு நிமிர்ந்து பார்த்தார்.
"தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்."
சின்டெக்ஸ் டேங்க் நிழலில்
என் முகத்தை நானே படமெடுத்து அனுப்ப,
கைக்கு வந்தது மூவாயிரத்து அறுநூற்று நாற்பது.
சட்டைப்பையில் இருந்ததைச் சேர்த்து
ச. இளவழகன், வில்லிவாக்கம், 5001.
ஏழாம் நாள் முழு ஐயாயிரத்தையும் கேட்டார்கள்.

அதை அடைக்க இன்னொன்று.
அதற்கும் ஒன்று.
பஞ்சாங்கத்துக்கும் ராகுகால அலாரத்துக்கும் நடுவே
ஆறு ஆப்கள் குடியிருந்தன.

காலை ஒன்பது நாற்பதுக்குப் பிரீத்தி கூப்பிடுவாள்.
அது அவள் பெயராக இருக்காது.
"சார், உங்க போன்ல 'பரி வீடு'ன்னு ஒரு நம்பர் இருக்கே,
அவங்ககிட்ட பேசட்டுமா?"
அவளுக்குப் பின்னால் ஒரு கூடம் நிறையக் குரல்கள்
அதையே கேட்டுக்கொண்டிருந்தன,
வேறு வேறு வீடுகளைப் பற்றி.

சம்பளத்தில் ஆறாயிரம் குறைந்த மாதம்
பரிமளா ரசத்துக்குப் புளி கரைத்தபடியே கேட்டாள்.
"பி.எஃப். கூடுதலா பிடிக்கிறாங்க" என்றேன்.
கை ஒரு நொடி நின்றது.
"நல்லதுதான். கையில வந்தா கரைஞ்சிடும்."
மறுபடி புளி கரைந்தது.

ராத்திரி பிரேக்டவுன் எல்லாவற்றுக்கும் நானே போனேன்.
ஷேர் ஆட்டோவை விட்டேன்;
ஐ.சி.எஃப். சுவரோரம் நடந்தே வந்தேன்.
மத்தியானம் டீ, ஒரு வடை.
"இளைச்சுட்டீங்க" என்றார்கள், பாராட்டாக.

நேற்றுப் பாடி மேம்பாலத்துக்கு அடியில் நின்று
கடைசித் தவணையை அனுப்பினேன்.
பச்சை டிக். அடுத்த நொடியே,
வாழ்த்துகள், நீங்கள் இப்போது
இருபதாயிரத்துக்குத் தகுதியானவர்.
என் ஆயுசில் யாரும் இத்தனை சீக்கிரம்
என்னைத் தகுதியானவன் என்றதில்லை.
ஆறையும் அழித்தேன். அவசரத்தில் பஞ்சாங்கமும் போயிற்று.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.
கடன் இருந்ததே தெரியாதவர்களிடம்
அடைந்தது என்று எப்படிச் சொல்வது?
கால் கிலோ பக்கோடா வாங்கிப் போனேன்.
"என்னப்பா விசேஷம்?" என்றாள் நிறைமதி.
சும்மாதான்.

பரிமளா காலண்டர் தாளைத் திருப்பிக் காட்டினாள்.
மாதாமாதம் அதன் பின்பக்கம் எழுதி வந்திருக்கிறாள்,
எழுதி, கூட்டி, கீழே
'நிறை காலேஜ்' என்று கோடிட்டு.
இல்லாத பணத்துக்கு
வட்டிகூடப் போட்டிருந்தாள்.
"வட்டி போக நாப்பத்திரெண்டு ஆயிருக்கும் இல்ல?"
"ஆயிருக்கும்."
பக்கோடாவில் உப்பு கூடவா குறைவா, தெரியவில்லை.

இன்று காலை தபால் ஆபீஸில் ஆர்.டி. படிவம்.
நாமினி பெயர் எழுதினேன். உறவு எழுதினேன்.
மாதம் ஆறாயிரம்.
எத்தனை வருஷம் கட்டினாலும்
அவள் கணக்குக்கு இது
ஏழு மாதம் பின்னாலேயேதான் நடந்து வரும்.

பாஸ்புக்கை எங்கே ஒளிப்பது?
பீரோ அவள் ராஜ்யம். மெத்தைக்கடி மகள் தேடுமிடம்.
கருவிப் பையில், ஸ்பானர்களுக்குக் கீழே,
கிரீஸ் துணியில் சுற்றிவைத்தேன்.

ஒன்பது நாற்பது. போன் அடித்தது.
உடம்பு தன்னால் ஒரு குழியைத் தேடியது.

பரி வீடு.
"வரும்போது புளி வாங்கிட்டு வாங்க.
பழைய புளியா பாத்து."